ஷெரின் சொன்ன சாட்சி

"அம்மா, இண்ணைக்கு உனக்கு மூச்சே வாங்கல்லியே!"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஷெரின் இதைச் சொன்னபோது நான் அதே பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மே மாதத்துச் சாயங்காலம். மழைக்கு முந்திய புழுக்கத்தில் உடுத்தியிருந்த துணி முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுக்களையிலிருந்து ஏத்தம்பழம் பொரிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது.



"ஆமா மக்கா" என்றது அந்தக் குரல் கடைசியில். "இண்ணைக்குக் கொஞ்சம் கொள்ளாம், சுகம் உண்டு."

"மருந்து மாத்தினாவளா?"

"ஆமா, மாத்தினாவ. நீ சோறு தின்னியா?"

"தின்னேன். மீன் கறி. முள்ளெல்லாம் ராணி ஆன்ட்டி எடுத்துத் தந்தா."

ஷெரினுக்கு எட்டு வயது. மேல்வரிசைப் பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. சிரிக்கும்போது அதைக் கையால் மறைப்பாள். அன்றைக்கு மறைக்கவில்லை.

போனில் பேசியது அவள் அம்மா இல்லை. அம்மாவின் தங்கை ஜெசி. அம்மா பிந்து அன்று விடியற்காலையில் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். அது எனக்குத் தெரியும். ஷெரினுக்குத் தெரியாது. அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

பெஞ்சின் ஓரம்

பாறசாலையில் வைத்திருந்த தையல் கடையை மூடியதைப் பற்றி சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வீட்டில் சும்மா இருந்தேன். கையில் ஊசி இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்றே எனக்குத் தெரியவில்லை. எங்கள் சபையில் மாதர் கூட்டம் நடத்தும் பிரமீளா டீச்சர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"ராணி, லீவுக்கு எங்க ஸ்கூல்ல கேம்ப் உண்டு. கிளாசுல கூட நிக்க ஒரு ஆள் வேணும். வாறியா?"

"நான் பத்து வரைதான் படிச்சது டீச்சரே."

"படிப்பிக்கப் போறது நானாக்கும். நீ பிள்ளைகளுக்குப் பக்கத்துல இருந்தா போதும்."

பக்கத்தில் இருப்பது என்றால் எனக்கு முடியும். பெயர்தான் ராணி. நான்கு பேர் கூடி நின்றால் சுவர் ஓரமாகப் போகிறவள் நான்.

பள்ளிக்கூடம் நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, அம்பூரிக்குப் போகிற வழியில் ஒரு குன்றின் மேல் இருந்தது. சுற்றிலும் ரப்பர். ஹாஸ்டல் உள்ள பழைய பள்ளிக்கூடம். வழக்கமாகப் படிக்கிற பிள்ளைகள் ஏப்ரலில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கட்டில்களில் கேம்ப் பிள்ளைகள் வந்து படுப்பார்கள். அப்பாவும் அம்மாவும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், லீவில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள், காரோட்டுக் கடற்கரையிலிருந்து சபை மூலமாக வந்த சில பிள்ளைகள். காலையில் ஆங்கிலமும் கணக்கும். மதியத்துக்குப் பிறகு பாட்டு, படம், காகித வேலை.

பிரமீளா டீச்சர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பாடம் நடத்துவார். தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ்தான் பேசும். புரியாமல் விழிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டீச்சர் சொன்னதைக் காதில் திருப்பிச் சொல்வது என் வேலை. பென்சில் சீவுவேன். பசை கலக்குவேன். தலை பின்னிவிடுவேன். குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராது. அந்தக் கோடையில் கரும்பலகைக்கு முன்னால் ஒருநாள்கூட நான் நின்றதில்லை.

ஷெரின் முதல் நாளே என் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பாடம் புரியாமல் இல்லை. "இங்க இருந்தா நீங்க ரெண்டு தடவை சொல்லுவியல்லா? எனக்கு ரெண்டு தடவை கேக்கணும்" என்றாள்.

போன் நேரம்

பிள்ளைகள் கையில் போன் கூடாது. கேம்புக்கு என்று ஒரு போன் உண்டு. நான்கு மணிக்குக் காப்பி குடித்த பிறகு வீட்டிலிருந்து அழைப்புகள் வரும். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நிற்க, ஒவ்வொருவராக உள்ளே விட்டு, பேசி முடியும்வரை கூட இருப்பதும் என் பொறுப்புதான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்குக் கூட்டிப் போ என்று அழுகிற பிள்ளைக்கு வீட்டார் எதைச் சொல்லிச் சமாதானம் செய்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரிய வேண்டுமாம்.

மற்றவர்கள் வீட்டுப் பேச்சைக் கேட்க முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெளியே வரிசை சும்மா இருக்காது.

"எலே, வரும்போ பரோட்டா கொண்டுவரச் சொல்லுலே!"

"போன் வழியா வருமாலே பரோட்டா?"

"உனக்க அம்மா நேத்து அழுதாவல்லா? எல்லாம் கேட்டுது."

"போடே. அது ஜலதோஷமாக்கும்."

பிந்துவின் அழைப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வரும். நெஞ்சில் நீர் கட்டுகிற நோய். நாலு வார்த்தை பேசினால் மூச்சு நின்று நின்று வரும். அந்த இடைவெளியில் ஷெரின் ஒன்றும் பேசமாட்டாள். அம்மாவின் அடுத்த வார்த்தை வரும்வரை பெஞ்சில் விரலால் கோடு போட்டுக்கொண்டு காத்திருப்பாள். வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன், அது முடிந்ததும் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லித்தான் அவளை இங்கே விட்டிருந்தார்கள். மூச்சு வாங்குவது பிள்ளைக்குத் தெரியாமலா போகும்? அதைப் பற்றி அவள் யாரிடமும் கேட்டதில்லை. ராத்திரி ஜெபத்தில் மட்டும் சொல்வாள்.

பிந்து ஒருமுறை என்னிடமும் பேசினாள். "அக்கா... முடியை... ரெண்டா பின்னிடுங்க. ஒண்ணாப் போட்டா... சிக்கு வீழும்." நான் அவளைப் பார்த்ததே இல்லை. அந்தக் குரல் மட்டும்தான் எனக்குப் பழக்கம்.

ஒரே தொண்டை

செவ்வாய்க்கிழமை மதியம் ஷெரினின் தாய்மாமன் வின்சென்ட் வந்தார். பஸ்ஸில் வந்து குன்று ஏறியதில் சட்டை முழுக்க வியர்வை. பிரமீளா டீச்சர் அறையில் அவர் பேசும்போது, தண்ணீர் கொண்டுபோன என்னையும் டீச்சர் நிற்கச் சொன்னார்.

விஷயத்தைச் சொல்லிவிட்டு அவர் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்க மாப்பிள்ளை கப்பல்ல இருக்கான் டீச்சரே. கப்பல் கரைக்கு வந்து, அங்க இருந்து பிளேன் ஏறி வரணும். அவன் வந்துதான் அடக்கம். அதுவரை மோர்ச்சரியில வைக்கப் போறோம்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். வெளிநாட்டில் இருக்கிறவர் வந்து முகம் பார்க்காமல் மண் போடமாட்டார்கள். மகனுக்காகக் காத்திருந்த அம்மா, மகளுக்காகக் காத்திருந்த அப்பா என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும்.

"பிள்ளையை இண்ணைக்கே கொண்டு போறியளா?" என்று டீச்சர் கேட்டார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். போன்ல அவன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். எனக்க பிள்ளைகிட்ட நான் வந்து சொல்லுகேன், வேற யாரும் சொல்லாண்டாம்ணு. அழுதுட்டுச் சொன்னான். வீட்டுக்குக் கொண்டு போனா ஆளும் பேருமா இருக்கு, ஒரு நிமிஷத்துல அறிஞ்சிடும். இங்க இருக்கட்டும்."

"தினமும் அம்மா போனுக்குக் காத்திருக்கிற பிள்ளை. அதுக்கு என்ன சொல்ல?"

"ஜெசி பேசுவா. எனக்க தங்கச்சிமாரு ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டையாக்கும். சின்னதுல எங்க அப்பாவே அடுக்களையில இருந்து சத்தம் கேட்டா ஆள் மாறித்தான் விளிப்பாரு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. உடனே தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டில் முகத்தை மூடிக்கொண்டார்.

யாரையும் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நடுக்கடலில் நின்று அந்த மனுஷன் கேட்டது அது ஒன்றுதான். பிரமீளா டீச்சரும் வேறென்ன சொல்ல முடியும்? சம்மதித்தார்.

அன்று சாயங்காலம் ஜெசி பேசியதைத்தான் முதலில் எழுதினேன். மூச்சை மட்டும் அவர்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

ஷெரின் வெளியே குதித்து ஓடிய பிறகும் ஜெசி போனை வைக்கவில்லை.

"அக்கா, பிள்ளை போயிட்டா?"

"போயிட்டு."

"மூச்சு வாங்கல்லியேண்ணு கேட்டா, பாத்தியளா. எனக்கு அது ஓர்மையே இல்ல." பிறகு மெதுவாக, "நாளைக்கு அப்படிப் பேசட்டா? மூச்சு வாங்குத மாதிரி?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்.

"எனக்கு ஒக்காது அக்கா. அவ கிடந்த கிடப்பைக் கூட இருந்து கண்டவளாக்கும் நான். அதை நடிச்சுக் காட்ட எனக்கு முடியாது."

அப்படியே அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பிந்துவின் குரல் தெம்பாக வந்தது. இடையில் நிற்கவில்லை. ஷெரின் பெஞ்சில் கோடு போடுவதை விட்டுவிட்டாள். சனிக்கிழமை அவள் கேட்டாள்: "அம்மா, ஒரு பாட்டு முழுசாப் பாடுவியா? முந்தி உறங்கும்போ பாடுவியல்லா, அது."

ஜெசி பாடினாள். எப்படிப் பாடினாளோ. ஒரு இடத்தில்கூடக் குரல் உடையவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

அப்பாவின் சைக்கிள்

அந்த நாட்களில் எனக்கு என் அப்பாவின் ஞாபகம் அடிக்கடி வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு போன் கிடையாது. சபையில் யாராவது இறந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளை, குழித்துறை வரை உள்ள சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட சைக்கிளில் ஆள் போக வேண்டும். பெரும்பாலும் அப்பாதான் போவார். போகிற வீட்டில் உட்காரமாட்டார். தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். இறந்துவிட்டார் என்றும் சொல்லமாட்டார். "கொஞ்சம் சீரியஸ். புறப்படுங்க" என்பார். அவ்வளவுதான். பெண்கள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் வெள்ளைச் சேலை எடுப்பார்கள்.

ஒருமுறை என்னையும் முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. என் வயதில் ஒரு பெண்பிள்ளை மட்டும் வாசலுக்கு வந்தது. அப்பா வேறு வழி தெரியாமல் அதனிடமும், "தாத்தா கொஞ்சம் சீரியஸ் மக்கா, அப்பா வந்தா சொல்லு" என்றார்.

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் போனா பாக்கலாமா?" என்று அது கேட்டது.

அப்பா பெடலில் கால் வைக்காமல் சைக்கிளை மேடு வரை உருட்டிக்கொண்டே வந்தார். எதையும் மூடி வைத்துச் சொன்னால் பெரியவர்கள் திறந்து பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த மூடியைத் திறக்கத் தெரியாது. அன்றைக்கு எனக்கே அது புரியவில்லை. அந்தத் தாத்தா பிழைத்துக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

சாட்சி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேம்பில் ஜெபக் கூட்டம். முடிவில் சாட்சி நேரம் உண்டு. கடவுள் தனக்குச் செய்த நன்மையைப் பிள்ளைகள் முன்னால் வந்து சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்ட வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதில் போட்டி போட்டுக்கொண்டு கை தூக்கும். காணாமல் போன அழிரப்பர் கிடைத்தது, பல்வலி நின்றது, கேம்புக்கு வந்த பிறகு படுக்கையில் மூத்திரம் போகவில்லை என்றெல்லாம் சாட்சி வரும். சிரிப்பை அடக்க பிரமீளா டீச்சர் பைபிளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

அன்றைக்கு ஷெரின் கை தூக்கினாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். அதற்குள் அவள் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"எனக்கு ஒரு சாட்சி உண்டு" என்று ஆரம்பித்தாள். "எங்க அம்மாவுக்குத் தீனம். பேசினா மூச்சு வாங்கும். நாலு வார்த்தை சொன்னா நிறுத்திடுவா. நான் தினமும் ஜெபம் பண்ணினேன். இப்போ அம்மாவுக்கு மூச்சு வாங்கல்ல. நேத்து ஒரு பாட்டு முழுசாப் பாடினா. எங்க அம்மாவுக்கு சுகம் குடுத்த இயேசப்பாவுக்கு ஸ்தோத்திரம்."

பாட்டைக் கேட்ட பிள்ளைகள் எல்லாம் அங்கே இருந்தார்களே. மற்றவர்களுக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள். "அல்லேலூயா" என்று ஒருவன் கத்தினான். ஷெரின் ஓடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சந்தோஷத்தில்.

கூட்டம் முடிந்ததும் டீச்சரிடம் போனேன். "டீச்சரே, சொல்லிடலாம்" என்றேன்.

"நமக்கு என்ன அதிகாரம் ராணி? தகப்பன் கேட்டுக்கொண்டது. இன்னும் எத்தனை நேரம்? அவர் வந்துடுவாரு."

"இண்ணைக்கு முந்தி அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாம இருந்தது, அவ்வளவுதான். இனி அப்படி இல்ல டீச்சரே. சுகமாயிட்டுண்ணு நம்புது. அவரு வந்து சொன்னா எவ்வளவு உசரத்துல இருந்து விழும்?"

இத்தனை வார்த்தைகளை நான் அவரிடம் ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு, "எனக்கு முடியல்ல. நான் வாக்கு குடுத்தாச்சு" என்றார்.

மும்பையிலிருந்து வந்த அழைப்பு

மறுநாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஷெரினின் அப்பா. மும்பை வந்து இறங்கிவிட்டாராம். சாயங்காலம் பிளேன், நாளை அடக்கம். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புகள் கேட்டுக்கொண்டே இருந்தன.

"நான் நாளைக்குக் காலத்தே நேரா அங்க வாறேன். எனக்க மடியில வச்சுச் சொல்லணும். அதுவரை பிள்ளை சமாதானமா இருக்காளா?"

"இருக்கு" என்றேன். "ஆனா..."

 பக்கத்து அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷெரினின் குரல் தனியாகத் தெரிந்தது. அவள் எப்போதும் ஒரு எண் முந்திவிடுவாள்.

"என்ன ஆனா? சொல்லுங்க அக்கா."

சொன்னேன். மூச்சு வாங்காத குரலைப் பற்றி, பாட்டைப் பற்றி, சாட்சியைப் பற்றி.   அறிவிப்பு மட்டும் கேட்டது. 

"கைதட்டினாவளா?" என்றார்.

"ஆமா."

"சுகமாயிட்டுண்ணு இருக்க பிள்ளை முகத்தைப் பாத்து நான் எப்படிச் சொல்லுவேன் அக்கா?" ஆம்பிளை அழுகிற சத்தம் கொஞ்ச நேரம் வந்தது. "அவ நாளைக்கு அம்மாவைக் காணும்போ, அது முன்னமே தெரிஞ்சு வரணும். இனி ஒரு நாள் கூட வேண்டாம். நீங்க சொல்லுங்க. டீச்சர்கிட்ட நான் பேசுகேன். ஆனா எனக்க பேரைச் சொல்லிச் சொல்லுங்க. அப்பா சொல்லச் சொன்னாருண்ணு. அது போதும்."

குழாயடியில்

மதியம் காகித வேலை முடிந்து பிள்ளைகள் கை கழுவிவிட்டு விளையாடப் போனார்கள். ஷெரின் விரலில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் குழாயடியில் தனியாக நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் முகமும் என் முகமும் ஒரே உயரத்தில் வரும்.

"ஷெரின், அப்பா போன் பண்ணினாரு. மும்பைக்கு வந்தாச்சாம்."

"அப்பாவா? எதுக்கு? லீவு இல்லியே!"

"உனக்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அப்பாதான் சொல்லச் சொன்னாரு." சீரியஸ் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. அதை விழுங்கினேன். "அம்மா செத்துப்போயிட்டா மக்கா."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை காலத்தே."

"செவ்வாய்க்கிழமை நான் பேசினேனே."

"அது ஜெசி சித்தி. நீ பயந்திடக் கூடாதுண்ணு சித்தி பேசினா."

அவள் யோசித்தாள். ஒவ்வொரு நாளாகத் திரும்பிப் போய்ப் பார்ப்பது அவள் கண்ணில் தெரிந்தது.

"பாட்டு?"

"அதும் சித்திதான்."

"அப்போ நான் சொன்ன சாட்சி?"

நான் அவள் தோளில் கை வைத்தேன்.

"எல்லாரும் கை தட்டினாவளே ஆன்ட்டி. இயேசப்பாகிட்ட ஸ்தோத்திரம்ணு சொன்னேனே. பொய் சொல்லிட்டேனா?"

"இல்ல மக்கா. நீ கேட்டதைத்தான் சொன்ன."

"பசை போகல்ல" என்றாள். விரலை என்னிடம் நீட்டினாள். "ஆன்ட்டி, பசை போகவே இல்ல." அதைச் சொல்லித்தான் அழ ஆரம்பித்தாள். குழாயை மூட எனக்குத் தோன்றவில்லை. அவள் அழுது ஓயும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது.

வண்டி வந்தபோது

நான்கு மணிக்குச் சற்று முன்பு வின்சென்டும் ஜெசியும் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போக வாடகைக் காரில் வந்தார்கள். ஷெரினின் பெட்டியை நான் அடுக்கி வைத்திருந்தேன். தலையை இரண்டாகப் பின்னிவிட்டேன்.

அவள் வண்டிக்குப் போகவில்லை. பிரமீளா டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சர், எனக்குச் சாட்சியை மாத்திச் சொல்லணும்."

"அது வேண்டாம் மோளே. பிள்ளைகள்கிட்ட நான் சொல்லிக்கொள்ளாம்."

"நானாக்கும் சொன்னது. நான்தான் மாத்தணும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மணி அடித்துப் பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார வைத்தோம். போன் வரிசைக்கு நிற்க வேண்டிய நேரம். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஷெரின் முந்தின நாள் நின்ற இடத்தில் நின்றாள்.

"நான் நேத்து சொன்ன சாட்சி சரியில்ல. எங்க அம்மா செவ்வாய்க்கிழமையே செத்துப்போனா. எனக்குத் தெரியாது. போன்ல பேசினது எங்க சித்தி. பாட்டுப் பாடினதும் சித்திதான்." கொஞ்சம் யோசித்தாள். "அவ்வளவுதான்."

 முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, சாட்சி முடிந்ததல்லவா, கை தட்டியது. அதைக் கேட்டுப் பக்கத்துப் பிள்ளையும் தட்டியது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். பெரிய பிள்ளைகள் சிலர் அழுதுகொண்டே தட்டினார்கள். நிறுத்தச் சொல்ல டீச்சர் கையைத் தூக்கினார். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் இறக்கிவிட்டார். ஓய்ந்து முடியும்வரை ஷெரின் அங்கேயே நின்றாள். பிறகு இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

வெளியே ஜெசி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒல்லியான பெண். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்து வைத்திருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் இன்னும் அழுத்திக்கொண்டாள். பிள்ளைக்குச் சொல்லப் போகிறார்கள் என்று காலையில் தெரிந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டில் யார் கேட்டாலும் சைகைதான் என்று வின்சென்ட் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஷெரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். ஜெசி ஏறினாள்.

"சித்தி, ஒண்ணும் இல்ல. பேசு."

ஜெசி தலையை ஆட்டினாள், முடியாது என்று.

"அம்மா மாதிரி இருந்தா இருந்துட்டுப் போகட்டு. நான் அழமாட்டேன்."

அதற்கும் தலையாட்டல்தான். கண்ணீர் கழுத்து வரை வழிந்திருந்தது.

"செரி" என்றாள் ஷெரின். "அப்போ நான் பேசுகேன். நீ கேளு."

கதவை நான்தான் சாத்தினேன். ரப்பர் மரங்களுக்கு இடையில் வண்டி மெதுவாக இறங்கியது. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. சின்னத் தலை பெரிய தலையின் பக்கம் திரும்பியிருந்தது. வளைவில் வண்டி மறையும்வரை அந்தப் பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டே போனது.